பழைய டிசி லோகோவை டிசிசிக்கு மாத்துறது எப்படி: ஒரு எச்ஓ ப்ளூ பாக்ஸ் என்ஜினை வெச்சு முழுமையான வழிகாட்டி

மாடல் ரயில்ல டிசின்னா ட்ராக்குக்கு போற வோல்டேஜை ஏத்தி இறக்கி ஓட்டுற பழைய முறை. டிசிசின்னா ட்ராக்ல எப்பவும் முழு பவர் இருக்கும், லோகோவுக்குள்ள இருக்குற டீகோடர்ங்கிற சின்ன சர்க்யூட் போர்டுக்கு டிஜிட்டலா கட்டளை அனுப்பி ஓட்டுற முறை. புதுசா டிசிசிக்கு வர்றவங்க கிட்ட நான் திரும்பத் திரும்ப பாக்குறது ஒரே விஷயம் தான். டீகோடர் கைக்கு வந்த சந்தோஷத்துல அன்னைக்கு ராத்திரியே லோகோவை பிரிச்சு, சிவப்பு ஒயர் இங்க கருப்பு ஒயர் அங்கன்னு சோல்டர் பண்ணி, ட்ராக்ல வெச்சு பவர் போடுவாங்க. சின்னதா ஒரு டிக் சத்தம், அப்புறம் கருகின வாசனை, அவ்வளவு தான். கலர் எல்லாம் சரியா தான் இருக்கும், வரிசை தான் தப்பு. டீகோடர் கடைசியா உள்ள போக வேண்டிய பொருள். அதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கு, அதுல ஒண்ணை தாண்டினா கூட டீகோடர் தான் பலி.

இங்க எடுத்துக்கிட்டது ஏதர்ன் கம்பெனியோட பழைய ப்ளூ பாக்ஸ் டீசல் லோகோ, எச்ஓ ஸ்கேல், அதாவது 1:87, ட்ராக் கேஜ் 16.5 மில்லிமீட்டர். ஏன் இதுன்னா செகண்ட் ஹேண்டுல நிறைய கிடைக்கும், உள்ள எல்லாமே பெருசு பெருசா கைக்கு அடக்கமா இருக்கும், முக்கியமா இதோட மோட்டார் நேரா உலோக சேசிஸ் (அடிச்சட்டம்) மேலயே மின்சாரம் எடுக்குற மாதிரி உக்காந்திருக்கும். இந்த ஒண்ணை ஒழுங்கா மாத்த கத்துக்கிட்டா மத்த பழைய லோகோ எல்லாம் சுலபம். நம்ம ஊர் டீசல் பாடி செஞ்சு இந்த மாதிரி சேசிஸ் மேல உக்கார வைக்கிறவங்களுக்கும் இதே வேலை தான். (நம்ம பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டரை 87ஆல வகுத்தா 19க்கு மேல வரும், கடைல கிடைக்குற ட்ராக் 16.5 தான், அந்த வித்தியாசத்தை ஏத்துக்கிட்டு தான் பெரும்பாலானவங்க ஓட்டுறாங்க.)

1. கையில என்ன இருக்கணும்

மல்டிமீட்டர் இல்லாம இந்த வேலைய ஆரம்பிக்கவே வேணாம். பீப் சத்தம் வர்ற கன்டினியூட்டி மோடும் (ரெண்டு இடத்துக்கு நடுவுல மின் தொடர்பு இருக்கான்னு காட்டுறது), 10 ஆம்ப் வரைக்கும் கரண்ட் அளக்குற சாக்கெட்டும் இருந்தா போதும், விலை உயர்ந்தது தேவையில்ல.

டெம்பரேச்சர் கன்ட்ரோல் இருக்குற சோல்டரிங் அயர்ன், மெல்லிசான முனை. 60/40 ஈயம், உள்ளேயே ரோசின் ஃப்ளக்ஸ் இருக்குறது. தகரக் கடைல குடுக்குற ஆசிட் ஃப்ளக்ஸை பக்கத்துலயே விடாதீங்க, அது இணைப்பை கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிடும். கேப்டான் டேப் (சூடு தாங்குற இன்சுலேஷன் டேப்), மெல்லிசான ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டினா சுருங்கி ஒயரை மூடுற குழாய்), 1 கே ரெசிஸ்டர், வார்ம் ஒயிட் எல்இடி, 30 கேஜ் மாதிரி ரொம்ப மெல்லிசான மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், காது பஞ்சு. சென்னைல இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரே நடைல எல்லாத்தையும் முடிச்சிடலாம்.

அப்புறம் ஒரு டிசி சப்ளை, 12 வோல்ட் வரைக்கும் ஏத்தி இறக்குற மாதிரி. இதுல ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவுல இருந்து யாராவது செகண்ட் ஹேண்ட் செட் வாங்கிட்டு வந்தா அது கூட வர்ற பவர் பேக் 120 வோல்ட்டுக்கு செஞ்சது, அதை நம்ம 230 வோல்ட் பிளக்ல நேரா சொருகினா உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும், சில சமயம் தீயே பிடிக்கும். பின்னாடி எழுதியிருக்குறதை படிச்சு பாத்துட்டு தான் சொருகணும்.

டீகோடரை இன்னும் வாங்காதீங்க. எதுக்குன்னு 3ல சொல்றேன்.

2. முதல்ல டிசில வெண்ணெய் மாதிரி ஓடணும்

டிசிசி போட்டா ஓட்டம் தானா ஸ்மூத் ஆயிடும்னு நினைக்கிறவங்க நிறைய பேர். ஆகாது. கியர்ல இழுவை இருந்தா டீகோடர் அந்த இழுவைய ஜெயிக்க கூடுதல் கரண்ட் தள்ளும், சூடாகும், அவ்வளவு தான். இன்னொண்ணு, டீகோடர் போட்ட அப்புறம் லோகோ திக்கினா பிரச்சினை மெக்கானிக்கலா, ஒயரிங்கா, செட்டிங்கான்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதனால மெக்கானிக்கல் பிரச்சினைய இப்பவே முடிச்சிடணும்.

பாடிய கழட்டுங்க. முன்னாடி பின்னாடி கப்ளர் பாக்ஸ் இடிச்சா அதை முதல்ல எடுத்துடுங்க, அப்புறம் பாடியோட ரெண்டு பக்கத்தையும் கட்டை விரலால லேசா வெளிய விரிச்சா சேசிஸ்ல இருக்குற கொக்கில இருந்து விடுபட்டு மேல வரும். கைப்பிடிக் கம்பிய பிடிச்சு இழுக்காதீங்க, அது தான் முதல்ல உடையும்.

இப்ப டிசில மெதுவா ஓட்டிப் பாருங்க. சக்கரம் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை டக்னு குதிச்சா அச்சுல இருக்குற பிளாஸ்டிக் கியர் விரிசல் விட்டிருக்கலாம், பூதக்கண்ணாடி வெச்சு பாருங்க, விரிசல் இருந்தா கியரை மாத்தியே ஆகணும், ஒட்டினா நிக்காது. சத்தம் வேகமா கரகரன்னு வந்தா பழைய கிரீஸ் காய்ஞ்சு மெழுகு மாதிரி ஆயிருக்கும்.

போகிக்கு (சக்கரங்களை பிடிச்சிருக்குற, திரும்புற அடிப்பகுதி) மேல, வார்ம் கியரை (மோட்டார் சுத்தறதை சக்கரத்துக்கு கடத்துற திருகு மாதிரி கியர்) மூடியிருக்குற பிளாஸ்டிக் கிளிப்பை நெம்பி எடுத்தா வார்ம் மேல வரும், போகி கீழ விழும். வார்மோட ரெண்டு பக்கமும் சதுர பேரிங்கும் சின்ன சின்ன வாஷரும் இருக்கும், எந்த வரிசைல இருக்குன்னு எடுக்குறதுக்கு முன்னாடியே ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பழைய கிரீஸை ஆல்கஹால்ல கழுவிட்டு, பிளாஸ்டிக்கை பாதிக்காத கிரீஸ் கியருக்கு, பிளாஸ்டிக்கை பாதிக்காத எண்ணெய் பேரிங்குக்கு. லாபெல் கம்பெனியோட 106 (கிரீஸ்), 108 (எண்ணெய்) ரெண்டும் கிடைச்சா நல்லது. தையல் மெஷின் எண்ணெய், டபிள்யூடி-40, தேங்காய் எண்ணெய் எதுவும் வேணாம். எண்ணெய்னா ஊசி முனைல தொட்டு வைக்குற அளவு தான், அதிகமா விட்டா கம்யூட்டேட்டருக்கு (மோட்டார்ல கார்பன் பிரஷ் உரசுற செம்பு வளையம்) போய் கார்பன் தூளோட சேந்து சேறாயிடும்.

சக்கரத்தையும் துடைச்சிடுங்க. பழைய ப்ளூ பாக்ஸ் சக்கரத்தோட மேல் பரப்பு சொரசொரப்பா இருக்கும், அழுக்கு சீக்கிரம் ஒட்டும். நிக்கல் பூச்சு போட்ட சக்கரத்துக்கு மாத்துறது எனக்கு அவசியமான செலவாவே படுது, ஏன்னா டிசிசில ஒரு நொடியோட சின்ன பங்கு தொடர்பு விட்டாலும் டீகோடர் அணைஞ்சு மறுபடி ஸ்டார்ட் ஆகும், டிசில ஃப்ளைவீல் (மோட்டார் தண்டுல இருக்குற கனமான சக்கரம்) இழுத்துட்டு போன இடத்துல இங்க லோகோ நின்னு போகும்.

3. ஸ்டால் கரண்ட் அளந்துட்டு தான் டீகோடர் வாங்கணும்

ஸ்டால் கரண்ட்னா மோட்டார் சுத்த முடியாம நிக்கும்போது இழுக்குற கரண்ட், அதான் உச்சம். என்னைக்காவது ஒரு நாள் லோகோ எதுலயாவது மாட்டி நிக்கும், அப்ப டீகோடர் அந்த கரண்டை தாங்கணும்.

மீட்டரோட சிவப்பு ப்ரோபை 10 ஆம்ப் சாக்கெட்டுக்கு மாத்துங்க (மில்லிஆம்ப் சாக்கெட்ல விட்டா மீட்டர் ஃப்யூஸ் போகும்), சப்ளைக்கும் ட்ராக்குக்கும் நடுவுல ஒரு ஒயர்ல சீரிஸா போடுங்க, 12 வோல்ட் வைங்க, ஃப்ளைவீலை விரலால இறுக்கி பிடிச்சு ரெண்டு நொடி ரீடிங் பாத்துட்டு விட்டுடுங்க. அதுக்கு மேல பிடிச்சா மோட்டார் காயில் சூடாயிடும். அளந்து முடிச்சதும் ப்ரோபை பழைய சாக்கெட்டுக்கு மாத்திடுங்க, கரண்ட் சாக்கெட்ல விட்டுட்டு வோல்டேஜ் அளக்கப் போனா அது நேரடி ஷார்ட்.

சாதாரண எச்ஓ டீகோடர் 1 ஆம்ப் தொடர்ச்சியாவும் கிட்டத்தட்ட 2 ஆம்ப் உச்சமாவும் தாங்கும். பழைய ப்ளூ பாக்ஸ் மோட்டார் பல நேரம் 1 ஆம்பை தாண்டும். தாண்டினா உடனே பெரிய டீகோடர் தேடாம, கம்யூட்டேட்டரை ஆல்கஹால் தொட்ட பஞ்சால சுத்தம் பண்ணி, பிரஷ் தேய்ஞ்சிருந்தா மாத்தி, மறுபடி அளந்து பாருங்க, நல்லாவே இறங்கும். காந்தம் பலம் இழந்த மோட்டாரா இருந்தா மட்டும் இறங்காது, அதுக்கு மோட்டாரையே மாத்துறது தான் வழி.

வாங்குறப்போ சாக்கெட் பிளக் வகை எல்லாம் யோசிக்க வேணாம், இந்த லோகோல சாக்கெட்டே கிடையாது. ஒயரோட வர்ற டீகோடர் போதும், பேக் ஈஎம்எஃப் வசதி கண்டிப்பா இருக்கணும். மெதுவா ஓடும்போது மோட்டார் வேகத்தை அதுவே அளந்து திருத்திக்கும், ஷண்டிங் பண்றப்போ அருமை புரியும்.

4. மோட்டாரை சேசிஸ்ல இருந்து பிரிக்கிறது

இது தான் உயிர்நாடி. நிதானமா படிங்க.

ப்ளூ பாக்ஸ்ல கரண்ட் எப்படி போகுதுன்னு முதல்ல பாருங்க. ஒரு பக்க தண்டவாளத்துல இருந்து வர்ற கரண்ட் போகி வழியா உலோக சேசிஸுக்கே வரும். இன்னொரு பக்கத்து கரண்ட் போகிக்கு மேல நீட்டிட்டு இருக்குற உலோகத் தகடு வழியா, லோகோவோட முதுகு மேல நீளமா ஓடுற ஒரு பட்டைக்கு வந்து மோட்டாரோட மேல் பிரஷுக்கு போகும். கீழ் பிரஷை பிடிச்சிருக்குற செம்பு நிற கிளிப்ல ரெண்டு சின்ன கால் கீழ் நோக்கி நீட்டி சேசிஸை தொட்டுட்டு இருக்கும். டிசிக்கு அழகான ஏற்பாடு. ஆனா டிசிசில ட்ராக் கரண்ட் டீகோடருக்குள்ள மட்டும் தான் போகணும், டீகோடர்ல இருந்து வர்றது மட்டும் தான் மோட்டாருக்கு போகணும். அந்த ரெண்டு கால்ல ஒண்ணு சேசிஸை ஒரு தடவை உரசினாலும் ட்ராக்கோட முழு பவரும் டீகோடரோட மோட்டார் அவுட்புட்ல பின்பக்கமா ஏறும். அப்ப வர்றது தான் அந்த டிக்.

முதுகுப் பட்டையை மேல நெம்பி கழட்டுங்க. இனி அது தேவையில்ல, எடுத்து வெச்சிடுங்க. போகி ரெண்டையும் இறக்குங்க. மோட்டாரை சேசிஸோட பிடிச்சிருக்குற ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மவுண்ட் அடில ஓட்டை வழியா தெரியும், அடில இருந்து மழுங்கின குச்சியால தள்ளினா மோட்டார் மேல வரும். சிலதுல ஸ்க்ரூ இருக்கும்.

மோட்டாரை தலைகீழா பிடிங்க. கீழ் கிளிப்பை கழட்டுறப்போ அதுக்கு அடில இருக்குற ஸ்பிரிங் துள்ளி ஓடும், அதனால ஒரு வெள்ளைத் துணிய விரிச்சு அது மேல வெச்சு, ஒரு விரலால கிளிப்பை அழுத்திக்கிட்டே மறு கையால நெம்புங்க. ஸ்பிரிங்கையும் கார்பன் பிரஷையும் ஒரு மூடிக்குள்ள போட்டு வைங்க. பிரஷோட ஒரு முனை கம்யூட்டேட்டர் வளைவுக்கு ஏத்த மாதிரி தேய்ஞ்சிருக்கும், திரும்ப போடும்போது அதே திசைல போகணும், இல்லன்னா புதுசா தேய்ஞ்சு படியுற வரைக்கும் தீப்பொறி விடும்.

அந்த ரெண்டு காலையும் கட்டர் வெச்சு வெட்டிடுங்க. மடக்கி விட்டா போதும்னு சிலர் சொல்வாங்க, மடக்கின கால் ஒரு நாள் மறுபடி விரியும், நான் வெட்டத் தான் சொல்லுவேன். வெட்டின இடத்தை ஃபைல் போட்டு மழுக்கிட்டு, கிளிப்போட வெளிப்பக்கத்துல கொஞ்சம் சுரண்டி, கிளிப் தனியா இருக்கும்போதே சாம்பல் நிற ஒயரை சோல்டர் பண்ணுங்க. கிளிப்பை மோட்டார்ல மாட்டிட்டு சோல்டர் பண்றது தான் நான் அதிகமா பாக்குற தப்பு. சூட்டுல பிரஷ் பிடிக்குற பிளாஸ்டிக் இளகி பிரஷ் உள்ளயே மாட்டிக்கும், ஸ்பிரிங்கும் விறைப்பை இழந்திடும். மேல் கிளிப்புக்கும் அதே முறை, அங்க ஆரஞ்சு ஒயர். ஒயர் மோட்டாரோட பக்கவாட்டுல தட்டையா படிஞ்சு மேல வரணும், அடில மொத்தமா ஒரு ஈயக் கட்டி நின்னா மோட்டார் திரும்ப அதோட இடத்துல உக்காராது.

சேசிஸ்ல மோட்டார் உக்கார்ற பள்ளத்துல ரெண்டு அடுக்கு கேப்டான் டேப் ஒட்டுங்க, ஓரம் எல்லாம் மேல ஏறுற மாதிரி. கருப்பு இன்சுலேஷன் டேப் நம்ம ஊர் வெயில்ல பசை இளகி நகந்துடும், அதை இங்க நம்பாதீங்க. மவுண்ட்டை தட்டி உக்கார வெச்சு மோட்டாரை திரும்ப பொருத்துங்க. ஸ்க்ரூ வெச்ச மாடலா இருந்தா அந்த ஸ்க்ரூ மோட்டாரோட உலோகத்தை தொடுதான்னு பாருங்க, தொட்டா நைலான் ஸ்க்ரூ போட்டுடுங்க.

5. மீட்டர் சொல்ற வரைக்கும் அடுத்த வேலை கிடையாது

போகி, வார்ம், ட்ரைவ் ஷாஃப்ட் எல்லாத்தையும் மாட்டுங்க. அப்புறம் மீட்டரை கன்டினியூட்டில வெச்சு இந்த வரிசைல தொட்டுப் பாருங்க.

ஆரஞ்சு ஒயருக்கும் சேசிஸுக்கும்: பீப் வரக்கூடாது. சாம்பல் ஒயருக்கும் சேசிஸுக்கும்: வரக்கூடாது. ஆரஞ்சு, சாம்பல் ரெண்டையும் தனித்தனியா எல்லா சக்கரத்தோடயும் தொடுங்க: வரக்கூடாது. வலது சக்கரத்துக்கும் இடது சக்கரத்துக்கும் நடுவுல: வரக்கூடாது. ஆரஞ்சுக்கும் சாம்பலுக்கும் நடுவுல மட்டும் ஓம்ஸ் மோடுல வெச்சா ஒரு சின்ன ரெசிஸ்டன்ஸ் காட்டணும், அது மோட்டார் காயில்.

ஒரு தடவை தொட்டுட்டு ஓகேன்னு விட்டுடாதீங்க. ப்ரோபை அங்கயே வெச்சுக்கிட்டு ஃப்ளைவீலை கையால மெதுவா முழுசா சுத்துங்க, போகிய ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்புங்க, லோகோவை தலைகீழா பிடிங்க, மோட்டாரை விரலால லேசா அமுக்குங்க. நிக்கும்போது தொடாத ஒயர், வளைவுல திரும்பும்போது தொடும், டீகோடர் போறதும் அப்ப தான்.

எல்லாம் சரின்னா ஒரு 9 வோல்ட் பேட்டரிய ஆரஞ்சு சாம்பல் ஒயர்ல நேரா தொடுங்க. மோட்டார் ஓடணும், போகி ரெண்டும் சுத்தணும். திருப்பி தொட்டா எதிர்ப்பக்கம் ஓடணும். இங்க வரைக்கும் டீகோடர் பெட்டிய விட்டு வெளிய வரல பாருங்க, அப்படித் தான் இருக்கணும்.

6. தண்டவாளத்துல இருந்து கரண்ட் எடுக்குறது

என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கலர் முறைப்படி சிவப்பு வலது தண்டவாளம், கருப்பு இடது தண்டவாளம், ஆரஞ்சு சாம்பல் மோட்டார், வெள்ளை முன் லைட், மஞ்சள் பின் லைட், நீலம் எல்லா லைட்டுக்கும் பொதுவான பிளஸ். வலது இடதுன்னா லோகோவோட முன்பக்கம் உங்களை விட்டு விலகி அந்தப் பக்கம் பாக்குற மாதிரி வெச்சு பின்னாடி இருந்து பாக்கணும். வலது சக்கரத்துக்கும் சேசிஸுக்கும் பீப் வந்தா சேசிஸ் தான் வலது, சிவப்பு அங்க போகும், இல்லன்னா கருப்பு போகும். ஊகிக்காதீங்க, போகி யாராவது முன்னாடி கழட்டி திருப்பி மாட்டியிருந்தா மாறியிருக்கும். இந்த ரெண்டு கலரும் மாறிப் போனாலும் டிசிசில திசை மாறாது, டிசி ட்ராக்ல ஓட்டினா தான் தலைகீழா போகும், அதனால பயப்பட ஒண்ணுமில்ல.

சேசிஸ் வார்ப்பு உலோகம், அது மேல ஈயம் ஒட்டவே ஒட்டாது, இருக்குற சூட்டை எல்லாம் உறிஞ்சிடும். ஒரு சின்ன ஓட்டை போட்டு மரை வெட்டி எம்2 ஸ்க்ரூ போட்டு, அதுக்கு அடில ஒரு சோல்டர் டேக் (ஒயரை சோல்டர் பண்ற சின்ன ஓட்டைத் தகடு) வைங்க, ஸ்க்ரூ உக்கார்ற இடத்துல பெயின்ட்டை சுரண்டி பளபளன்னு உலோகம் தெரியணும்.

இன்னொரு பக்கத்துக்கு ரெண்டு போகியோட மேல் தகட்டுலயும் ஒவ்வொரு ஒயர். இதுக்கு தான் அந்த ரொம்ப மெல்லிசான மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர் வாங்க சொன்னேன். விறைப்பான ஒயர் போட்டா அது போகிய ஒரு பக்கமா பிடிச்சு தள்ளும், லோகோ நேர் ட்ராக்ல நல்லா போகும், வளைவுல தடம் புரளும், எல்லாரும் ட்ராக்கை குறை சொல்லிட்டு இருப்பாங்க. ஒயர்ல ஒரு தளர்வான வளையம் விட்டு, போகி கடைசி வரைக்கும் திரும்பினாலும் ஒயர் இழுபடாம இருக்கான்னு பாருங்க.

7. இப்ப டீகோடர்

ஒவ்வொரு ஒயரையும் தேவையான நீளத்துக்கு வெட்டி, முதல்ல ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை ஒயர்ல கோர்த்துட்டு அப்புறம் சோல்டர் பண்ணுங்க (சோல்டர் பண்ணிட்டு ட்யூபை மறந்து பிரிக்கிறது எல்லாருக்கும் நடக்குறது தான்). உபயோகிக்காத பச்சை, ஊதா ஒயர் இருந்தா முனைல ட்யூப் போட்டு மூடிடுங்க, வெட்டி எறியாதீங்க, பின்னாடி லைட் சேர்க்க தேவைப்படும்.

டீகோடர் உக்கார்ற இடம் சேசிஸ்ல ஃப்ளைவீலுக்கு எட்டாத இடமா இருக்கணும். அடில கேப்டான், மேல ஃபோம் இருக்குற ரெண்டு பக்க டேப். டீகோடரை முழுசா டேப் சுத்தி மூடினா சூடு வெளிய போக வழியில்லாம தெர்மல் கட் ஆகி லோகோ நடு வழில நிக்கும், அதனால அடிப்பக்கம் மட்டும் காப்பு போதும். ஒயர் எல்லாத்தையும் சேசிஸோட ஒட்டி படிய வைங்க, மேல தொங்கினா பாடிய மூடும்போது நசுங்கும்.

8. லைட்

பழைய பல்ப் ஒரு கிளிப் மேல உக்காந்து சேசிஸ்ல இருந்தே கரண்ட் எடுக்கும். அதை அப்படியே விட்டு வெள்ளை ஒயரை சேர்க்க வேணாம். கிளிப்போட எடுத்துடுங்க.

நீல ஒயர் எல்இடியோட நீளமான காலுக்கு, குட்டைக் கால்ல 1 கே ரெசிஸ்டர், ரெசிஸ்டரோட மறுமுனை வெள்ளை ஒயருக்கு. பின் லைட்டுக்கு இதே மாதிரி, மஞ்சள். ரெண்டுக்கும் சேத்து நீல ஒயர்ல ஒரே ரெசிஸ்டர் போட்டு மிச்சம் பிடிக்காதீங்க, ரெண்டும் ஒண்ணா எரியும்போது வெளிச்சம் மங்கும். ரெசிஸ்டர் இல்லாம போட்டா எல்இடி ஒரு தடவை தான் எரியும். பாடிக்குள்ள வெளிச்சம் கசிஞ்சு பிளாஸ்டிக் மொத்தமும் சிவக்குதுன்னா உள்பக்கம் கருப்பு பெயின்ட் அடிங்க.

9. பாடிய மூடுறதுக்கு முன்னாடி ப்ரோக்ராம் ட்ராக்

முதல் பவர் எப்பவுமே ப்ரோக்ராமிங் ட்ராக்ல (டீகோடர் செட்டிங்கை படிக்க, மாத்த மட்டும் இருக்குற தனி ட்ராக்) தான், மெயின் ட்ராக்ல கிடையாது. அங்க கரண்டை 250 மில்லிஆம்ப் அளவுலயே மட்டுப்படுத்தி வெச்சிருப்பாங்க, அதனால ஒயரிங் தப்பா இருந்தாலும் பெரும்பாலும் டீகோடர் பிழைச்சுக்கும். மெயின் ட்ராக்ல பல ஆம்ப் தயாரா நிக்கும், அங்க மன்னிப்பு கிடையாது.

சிவின்னா டீகோடருக்குள்ள செட்டிங் சேமிக்குற, நம்பர் போட்ட இடம். சிவி8 படிங்க, டீகோடர் கம்பெனியோட நம்பர் வரணும். வரலைன்னா உடனே டீகோடர் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. டீகோடர் பதில் சொல்றதே மோட்டாரை ஒரு சின்ன துடிப்பு துடிக்க வெச்சு கரண்ட் இழுத்து தான், 6 மில்லிசெகண்டுக்கு குறைஞ்சது 60 மில்லிஆம்ப். மோட்டார் ஒயர் விட்டுப் போயிருந்தா அதால பதில் சொல்ல முடியாது. சக்கரம், ட்ராக் அழுக்கா இருந்தாலும் இதே கதை தான்.

கமாண்ட் ஸ்டேஷன் (ட்ராக்குக்கு டிசிசி கட்டளை அனுப்புற பெட்டி) வாங்க பட்ஜெட் இல்லாதவங்க ஆர்டுயினோ மெகா போர்டும் அது மேல உக்கார்ற மோட்டார் ஷீல்டும் வெச்சு டிசிசி-இஎக்ஸ்ங்கிற கமாண்ட் ஸ்டேஷனை தாங்களே செஞ்சுக்கலாம், கம்ப்யூட்டர்ல இருந்து சிவி மாத்துற ஜேஎம்ஆர்ஐ சாஃப்ட்வேர் இலவசம். ஆனா ஷீல்ட்ல வின் கனெக்ட்னு இருக்குற இணைப்பை வெட்டாம 14, 15 வோல்ட் சப்ளைய குடுத்தா அது ஆர்டுயினோவுக்குள்ளயும் ஏறும். வெட்டிட்டு, மீட்டர்ல பாத்துட்டு தான் பவர்.

10. சிவி, எந்த வரிசைல

புது டீகோடரோட அட்ரஸ் (லோகோவை கூப்பிடுற நம்பர்) 3. முதல்ல அதே 3லயே முன்னாடி பின்னாடி ஓட்டி லைட் சரியா மாறுதான்னு பாருங்க. லோகோவும் லைட்டும் ரெண்டுமே தலைகீழா இருந்தா சிவி29ல திசை பிட்டை மாத்தினா போதும். லைட் சரி, ஓட்டம் மட்டும் தலைகீழ்னா சிவி29ஐ தொடாதீங்க, அது ரெண்டையும் சேத்து மாத்தும், ஆரஞ்சையும் சாம்பலையும் தான் மாத்தி சோல்டர் பண்ணணும்.

அடுத்து அட்ரஸ். லோகோ நம்பரோட கடைசி நாலு எண்ணை வெச்சா ஞாபகம் இருக்கும். உதாரணமா 2233ன்னா 256ஆல வகுங்க, ஈவு 8, மீதி 185. ஈவோட 192 கூட்டினா 200, அது சிவி17. மீதி 185, அது சிவி18. பெரும்பாலான சிஸ்டம் இந்த கணக்கை தானே பண்ணிடும், ஆனா கையால போடுறப்போ நீள அட்ரஸை ஆன் பண்ண சிவி29லயும் 32 கூட்டணும்னு மறந்துடுறாங்க, அப்புறம் லோகோ எந்த நம்பருக்கும் பதில் சொல்றதில்லன்னு தவிக்கிறாங்க.

சிவி29 வழக்கமா 6ல இருக்கும், அதுல 2 வேகப் படிகளுக்கு, 4 டிசி ஓட்டத்துக்கு. டிசில இனி ஓட்ட மாட்டீங்கன்னா அந்த 4ஐ எடுத்துடுங்க, நீள அட்ரஸோட சேத்து 34. ஏன்னா ட்ராக் சிக்னல் ஒரு கணம் குழம்பினா டீகோடர் அதை டிசின்னு நினைச்சுக்கிட்டு லோகோவை முழு வேகத்துல கிளப்பிடும், மேசை ஓரத்துல இருந்து லோகோ விழுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதுக்கப்புறம் சிவி2, வேகப் படி 1ல சக்கரம் நகர ஆரம்பிக்குற வரைக்கும் ஒண்ணொண்ணா ஏத்துங்க. அப்புறம் சிவி5 உச்ச வேகம். சிவி3, 4 ரெண்டும் கடைசி, முடுக்கமும் நிறுத்தமும். இதை முதல்லயே ஏத்தி வெச்சா லோகோ தாமதமா கிளம்புறது டீகோடராலயா இழுவையாலயான்னு தெரியாது. குழப்பம் ஆயிடுச்சுன்னா பல கம்பெனி டீகோடர்ல சிவி8ல 8ன்னு எழுதினா தொழிற்சாலை செட்டிங்குக்கு திரும்பிடும், உங்க டீகோடரோட கையேட்டுல ஒரு தடவை பாத்துக்கோங்க.

11. ஓட்டிப் பாக்க ஒரு சின்ன லேஅவுட்

முதல்லயே பெரிய வட்டம் போட ஆசைப்படுவாங்க. 18 இஞ்ச் ஆரத்துக்கே பலகை கிட்டத்தட்ட 4 அடி அகலம் வேணும், ஆறு அச்சு லோகோவுக்கு அந்த வளைவு இறுக்கம் தான், 22 இஞ்சுக்கு மேல இருந்தா நல்லது. ஃபிளாட்ல இடம் இல்லாதவங்களுக்கு நான் சொல்றது இங்கிள்நூக்ங்கிற ஷண்டிங் புதிர் லேஅவுட், பிரிட்டன்ல ஆலன் ரைட் உருவாக்கினது. ரெண்டே பாயின்ட் (ட்ராக் பிரியுற இடம்), மூணு சைடிங் (கிளை ட்ராக்), அதுல 5, 3, 3 வேகன் நிக்குற இடம், ஒரு லோகோவும் மூணு வேகனும் நிக்குற ஹெட்ஷண்ட் (லோகோ முன்னாடி பின்னாடி போய் வர்ற முனை ட்ராக்). அலமாரித் தட்டுல அடங்கிடும், ரிவர்ஸ் லூப் (ட்ராக் சுத்தி வந்து தன்னோடயே சேர்ற வளையம்) கிடையாதுங்கிறதால ஒயரிங்ல ஷார்ட் தலைவலியும் கிடையாது, மெதுவா ஷண்டிங் பண்றப்போ உங்க கன்வர்ஷனோட குறை எல்லாம் பளிச்சுன்னு தெரியும்.

பலகைக்கு அடில ரெண்டு தடிமனான ஒயர், வீட்டு ஒயரிங்குக்கு வாங்குற 1.5 ஸ்கொயர் எம்எம் இந்த அளவுக்கு தாராளம், ரெண்டு கலர்ல. அதுல இருந்து 3 அடிக்கு ஒரு தடவை ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் மெல்லிசான ஃபீடர் ஒயர். ரயில் ஜாயினரை (ரெண்டு தண்டவாளத் துண்டை இணைக்குற சின்ன தகடு) நம்பி ஒரே இடத்துல கரண்ட் குடுத்தா இன்னைக்கு ஓடும், கடலோர ஈரக் காத்துல ஜாயினர் கறுத்துப் போனதும் தூரத்துல இருக்குற சைடிங்ல லோகோ திக்கும். ஒவ்வொரு ஃபீடர் சோல்டர் பண்ணினதும் மீட்டர்ல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஷார்ட் இல்லைன்னு பாத்துட்டு தான் அடுத்தது, எல்லாத்தையும் முடிச்சுட்டு பாத்தா எந்த ஒயர் தப்புன்னு தேடுறதுக்கே ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும்.

பழைய டிசி செட்டோட பவர் ட்ராக் (பவர் ஒயர் மாட்டுற ட்ராக் துண்டு) இருந்தா அதுக்குள்ள ரேடியோ தொந்தரவை அடக்க கெப்பாசிட்டர் வெச்சிருக்கலாம், அதை எடுத்துடுங்க, டிசிசி சிக்னலை அது கெடுத்துடும். டிசி கன்ட்ரோலரையும் டிசிசியையும் ஒரே ட்ராக்ல ஒரே நேரம் இணைக்கவே கூடாது, சுவிட்ச் வெச்சு மாத்துறதா இருந்தாலும் ரெண்டும் ஒண்ணா சேராத வகை சுவிட்சா இருக்கணும்.

தண்டவாளத்தை முட்ட முட்ட பதிக்காதீங்க. 3 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் நீளும், மொட்டை மாடிக்கு கீழ் அறைல சித்திரை மாசம் அது தாராளமா ஏறும், இடைவெளி இல்லன்னா ட்ராக் பக்கவாட்டுல பிதுங்கி நிக்கும். ஜாயினர்ல ஒரு நூல் அளவு விடுங்க, ஃபீடர் இருக்குறதால கரண்ட் பத்தி கவலை இல்ல.

எல்லாம் முடிஞ்சதும் லோகோ இல்லாம பவர் போட்டு, ஒவ்வொரு சைடிங் கடைசிலயும் ஒரு ஸ்க்ரூ டிரைவரை ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கால வைங்க. பூஸ்டர் (ட்ராக்குக்கு டிசிசி பவர் குடுக்குற பகுதி) உடனே ட்ரிப் ஆகணும். எந்த இடத்துலயாவது ட்ரிப் ஆகாம ஸ்க்ரூ டிரைவர் சூடாச்சுன்னா அங்க ஒயர் போதல, இன்னொரு ஃபீடர் போடுங்க. எல்லா இடத்துலயும் ட்ரிப் ஆன அப்புறம் லோகோவை பாடி இல்லாமலே ட்ராக்ல வெச்சு, ரெண்டு திசைலயும் அரை அரை மணி நேரம் நடு வேகத்துல ஓட விடுங்க, நடுநடுவுல டீகோடரை விரலால தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடுன்னா நிறுத்திட்டு 2க்கும் 3க்கும் திரும்ப போகணும். சூடு சரியா இருந்தா பாடிய மூடி, மூடினதும் ப்ரோக்ராம் ட்ராக்ல ஒரு தடவை மறுபடி சிவி8 படிச்சுட்டு, அப்புறம் கப்ளரை மாட்டுங்க.